பறையும் ஒன்பதாம் வகுப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. 2023-24 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், பள்ளி, மாணவர் எவருடைய பெயரும் இதில் இல்லை. எழுதி முடித்ததும் இதில் வரும் மாணவன், அவனுடைய தந்தை, மாணவி ஆகிய மூவருக்கும் படித்துக் காட்டினேன். அவர்கள் வேண்டாம் என்ற இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு, பெருமாள் கோயில், மாரியம்மன் கோயில், ரேஷன் கடை. அந்தப் பக்கம் காலனி. ('காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். நான் எழுதுவது அதற்கு முந்தைய ஆண்டைப் பற்றி. அன்று எல்லோரும், அங்கே வசித்தவர்கள் உட்பட, அப்படித்தான் சொன்னார்கள்.) பள்ளி வாய்க்காலை ஒட்டி நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் 31 பேர். அவர்களில் 12 பேர் மரப்பாலத்தைக் கடந்து வருகிறவர்கள்.

கவனித்தவை

ஜூன் மாதத்தில் வகுப்பு அமைதியாகவே தெரிந்தது. சண்டை இல்லை. மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இல்லை. நல்ல வகுப்பு அமைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு சின்னச் சின்னச் செயல்கள் கண்ணில் படத் தொடங்கின. வெயில் நேரத்தில் தண்ணீர் பாட்டில் வகுப்புக்குள் கை மாறும். யார் பாட்டில் என்று கேட்காமல் அண்ணாந்து குடிப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டில் எந்தப் பெஞ்சோடு நிற்கும் என்பதில் ஒரு நாள்கூடப் பிழை நேரவில்லை. நடுவில் ஓர் எல்லை இருந்தது. அதை யாரும் வரைந்ததில்லை, யாரும் தாண்டியதும் இல்லை.

காலனியிலிருந்து வரும் ஒரு மாணவனுக்கு 'டண்டணக்கா' என்று பட்டப்பெயர் இருந்தது. கூப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். அவனும் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பான். அதனால் அதை நட்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஒரு பிற்பகல், செய்யுள் பாடம் நடக்கும்போது பள்ளியை ஒட்டிய சாலையில் ஓர் இறுதி ஊர்வலம் போயிற்று. தப்பு ஓசை நெருங்கி வந்தது. எங்கள் பகுதியில் பறைக்கு அதுதான் பெயர். பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தலையாக அந்த மாணவன் பக்கம் திரும்பியது. அவன் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். ஊர்வலம் கடந்து போய் ஓசை தேயும்வரை சீவினான். மேசை மீது சுருள் சுருளாகச் சீவல். கையில் மிஞ்சியது சுண்டுவிரல் அளவுப் பென்சில். அந்தப் பட்டப்பெயர் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதல் முடிவும் அதன் விளைவும்

அந்த ஆகஸ்டில்தான் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய வழி கேட்டு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவையும் அமைத்தது. எங்கள் தலைமையாசிரியர் எங்களை உட்கார வைத்து, அவரவர் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கண்ணைத் திறந்து பாருங்கள், ஏதாவது செய்யுங்கள் என்றார். நான் பென்சில் சீவலைப் பற்றிச் சொன்னேன்.

என் யோசனை எளிமையாக இருந்தது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் விரியும். நாட்டுப்புறக் கலைகளுக்கும் இடம் உண்டு. அந்தப் பையனிடம் பறையைக் கொடுத்து மேடையேற்றினால், கேலிக்குக் காரணமான பொருளே அவனுக்குப் பெருமையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னும் அவனைப் பெயர் சொல்லி எழுப்பி, "கலைத்திருவிழாவில் நீ பறை வாசிக்க வேண்டும். உனக்குத்தான் நன்றாக வருமே" என்றேன்.

பின்பெஞ்சில் யாரோ மேசையில் விரலால் தாளம் தட்டினார்கள். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அடுத்த நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் பாலத்தைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலத்தைக் கடந்தது அதுதான் முதல் முறை.

அவன் தந்தை கொத்தனார் வேலை செய்கிறவர். வேலை முடிந்து வந்து சிமெண்டு காய்ந்த கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார், தேநீர் வந்தது. பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், என் பையன் தப்பைத் தொட்டதே இல்லை. அவனுக்கு அடிக்கத் தெரியும் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு செய்திருந்தேன். டண்டணக்கா என்று கூப்பிட்ட பிள்ளைகளும் அதே முடிவைத்தான் செய்திருந்தார்கள். அவர்கள் கேலியாகச் சொன்னதை நான் பாராட்டாகச் சொன்னேன். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்பட்டிருந்தன.

அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பொழுது எதுவானாலும், ஆள் வந்து கூப்பிட்டால் தப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும். உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. அறுவடைக்கு நெல் அளப்பார்கள், அதுவே கூலி. தொண்ணூறுகளில் காலனி இளைஞர்கள் கூடி, இனி சாவு வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த அறுவடைக்கு ஊர்த்தெரு வயல் எதிலும் அவர்களுக்கு வேலை இல்லை. பதினைந்து வயதில் அவர் திருப்பூருக்கு பஸ் ஏறினார். பரணில் போட்ட தப்பைக் கரையான் தின்றது. "அதை விட்டு வருவதற்கு நாங்கள் ஒரு வருஷம் பட்டினி கிடந்தோம். நீங்கள் ஒரு பரிசுக் கோப்பைக்காக அதைத் திரும்பக் கொண்டுவந்து அவன் கழுத்தில் மாட்டுகிறீர்கள்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் வேறொரு மாவட்டத்தின் ஊர்த்தெருவிலிருந்து வந்தவள். என் தாத்தா இறந்தபோது தெருமுனையில் இரவு முழுவதும் பறை ஒலித்தது நினைவிருக்கிறது. அடித்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்பது நினைவில் இல்லை. பறையை இழிவாகப் பேசக் கூடாது என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அந்தச் சொல் எனக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்று அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று எல்லோர் முன்னும் கேட்டேன். அவன் பள்ளிக்குத் திரும்பினான். என் முகத்தை நேராகப் பார்க்க ஒரு மாதம் ஆனது.

இரண்டாவது முடிவு

பறையை அப்படியே விட்டுவிடலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அது எளிது. ஆனால் விட்டுவிட்டால் ஊர்வலம் போகும்போது தலைகள் மறுபடியும் அதே பக்கம்தான் திரும்பும். ஆகவே திசையை மாற்றினோம். பறை காலனிப் பிள்ளைகளின் திறமை என்ற எண்ணத்தை விட்டு, வகுப்பில் ஒருவருக்கும் தெரியாத, எல்லோரும் முதலிலிருந்து கற்க வேண்டிய பாடமாக அதை வைப்பது என்று தீர்மானித்தோம். காலனிப் பிள்ளை எவரையும் சேரச் சொல்லிக் கேட்பதில்லை. தானாக வந்தால் வரட்டும். கற்பிக்க வெளியிலிருந்து பயிற்சி பெற்ற ஆசானை அழைப்பது, அவருக்கு உரிய ஊதியம் தருவது, ஆசிரியர் அறையில் எங்களோடு ஒரே மேசையில் சாப்பாடு. ஊதியத்தை ஆசிரியர்கள் நாங்கள் பகிர்ந்துகொண்டோம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சிந்தனை இருக்கிறது. முன்முடிவுகளைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், வெவ்வேறு பிரிவினர் வெறுமனே பழகுவதால் வெறுப்பு குறைந்துவிடாது என்று 1954இல் எழுதினார். சம நிலையில் பழக வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், ஒத்துழைத்தால்தான் அது கைகூட வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். எங்கள் வகுப்பில் 31 பேர் ஒன்பது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் பழகியிருந்தார்கள். சம நிலை மட்டும் இல்லாமலிருந்தது. யாருக்கும் தெரியாத ஒன்றைக் கற்கும்போது அது கொஞ்சம் கிடைக்கலாம் என்று நம்பினேன்.

கருவியைத் தொடுவதற்கு முன் ஆறு வாரம் வாசிப்பும் எழுத்தும் என்று பிரித்துக்கொண்டேன். ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டிருந்தேன்.

ஆறு வார வாசிப்பு

'பறை' என்ற சொல்லிலிருந்து தொடங்கினோம். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பேச்சு வழக்கில் இருக்கிறது. சொல்லுகிற கருவி என்பதால் பறை என்று விளக்கம் சொல்வார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் என்று சொல்லி அந்த வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. மருத நிலத்துக்கு உரையாசிரியர்கள் சொல்லும் பறைகளில் ஒன்று நெல்லரிகிணை. நெல் அறுக்கும்போது ஒலிப்பது. வயலுக்கு நடுவே பிறந்த பிள்ளைகள் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

மார்கழியில் பெருமாள் கோயிலில் ஒலிபெருக்கி முன் திருப்பாவை பாடும் மாணவி ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். முதல் பாசுரத்தைச் சொல்லச் சொன்னேன். "நாராயணனே நமக்கே பறை தருவான்" என்ற இடத்தில் நிறுத்தினாள். அவளாகவே நின்றாள். நான்கு ஆண்டுகளாகப் பாடுகிறாள், அந்தச் சொல்லை ஒரு நாளும் கேட்டதில்லை என்றாள். அங்கே பறை என்பதற்கு நோன்புக்குரிய முரசு என்றும், வேண்டிய பேறு என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொள்வார்கள் என்று விளக்கினேன். கடவுளிடம் கேட்கிற பொருளுக்கு அந்தப் பெயரா என்று அவள் முகத்தில் ஓடிய குழப்பம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வகுப்பை உண்மையில் அசைத்தது புறநானூற்றின் 194ஆம் பாட்டு. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. "ஓரில் நெய்தல் கறங்க" என்று தொடங்கும். ஒரு வீட்டில் சாவுப் பறை முழங்குகிறது, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தியின் கண்ணில் நீர் வடிகிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புலவர் வெளிப்படையாகவே சினந்துவிடுகிறார். ஏழே அடிகள். அந்தப் பாட்டில் நெய்தல் பறை இழிவில்லை. துயரம் அந்தப் பறையின் வாயால் பேசுகிறது. சாவு வீட்டில் ஒலிப்பதால் ஒரு கருவி தீட்டாகிவிடும் என்ற நினைப்பின் நிழலும் அதில் இல்லை.

பிறகு 'ஓசை நாட்குறிப்பு' என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். வாழ்க்கையில் மறக்க முடியாத ஓர் ஓசையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். பல பிள்ளைகள் மழை, ரயில், பட்டாசு என்று எழுதினார்கள். திருப்பாவை பாடும் மாணவி தன் தாத்தாவின் சாவு இரவை எழுதியிருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. நள்ளிரவு தாண்டிப் பெண்கள் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டார்கள். அவளுக்குப் பயம். வெளியே கிணற்றடியில் ஒரு பெரியவர் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "பயமாக இருக்கிறதா பாப்பா, இங்கே வெளிச்சத்தில் உட்கார்ந்துகொள்" என்றார். விடியும்வரை நெருப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். காலையில் அம்மா அவளைத் தேடி வந்து இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். "நான் அழுக்காகவே இல்லை. ஏன் குளிப்பாட்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்று எழுத நினைத்தேன். ஆனால் தெரியும்" என்று முடித்திருந்தாள்.

அவள் சம்மதத்தோடுதான் வகுப்பில் படித்தாள். படித்து முடித்தபோது யாரும் அசையவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பாடமாகியிருக்கும். பட்டப்பெயர் பெற்ற மாணவன் கை தூக்கினான். ஒரு மாதமாக அவன் கை தூக்கியதே இல்லை. "அந்தத் தாத்தாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களா?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். "தெரியவில்லை. நான் பார்க்கவில்லை" என்றாள். பிறகு, "கேட்டு வருகிறேன்" என்றாள். கேட்டு வந்தாளா, வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது நீக்கச் சொன்ன பத்திகளில் ஒன்று.

அவனும் எழுதியிருந்தான். நான்கே வரி. "எங்கள் ஊரில் இந்தக் கருவிக்குத் தப்பு என்று பெயர். விடை தவறாக இருந்தாலும் தப்பு என்று சிவப்பு மையில் போடுகிறார்கள். சின்ன வயதில் இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். இரண்டு சொல் என்று இப்போது தெரியும், ஆனால் காதுக்குத் தெரியவில்லை."

எதிர்ப்பு

செப்டம்பரில் ஆறு பறைகள் வந்தன. இரண்டு தோல் பறை, நான்கு ஃபைபர் பறை. ஃபைபர் நெருப்பில் காய்ச்சாமலே ஒலிக்கும், மழைக்காலத்துக்கு வசதி. ஆறையும் ஃபைபராகவே வாங்கலாம் என்றவர்களுக்கு நான் உடன்படவில்லை. தொடத் தயங்குவது தோலைத்தான். அதைத் தவிர்த்துவிட்டால் தயக்கம் அப்படியே இருக்கும், நாம் ஓசையை மட்டும் கற்றுக்கொண்டு வீடு திரும்புவோம்.

செய்தி ஊருக்குள் போனது. மூன்று தந்தையர் பள்ளிக்கு வந்தார்கள். சாவு மேளத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா, வீட்டுக்கு ஆகுமா என்று கேட்டார்கள். தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினார். ஆசானும் வந்திருந்தார். அவர் வாதம் ஒன்றும் செய்யவில்லை. பறையைத் தோளில் மாட்டிச் சாமிச்சாட்டு அடியை வாசித்தார். ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர், "இது நம் அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது அடிக்கிறதாயிற்றே" என்றார். அறையில் இறுக்கம் தளர்ந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் தோன்றியது.

அப்போது காலனியிலிருந்து வந்த உறுப்பினரான ஒரு தாய் எழுந்தார். "அம்மனுக்கு அடிக்கும்போதும் நாங்கள் மதிலுக்கு வெளியேதான் நின்றோம் ஐயா" என்றார். பெரியவர் தரையைப் பார்த்தார். பதில் வரவில்லை. கோயிலைக் காட்டிப் பறையை உயர்த்துவது ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு அதே புண் என்பதை அந்த ஒரு வரி எனக்குக் கற்றுக் கொடுத்தது.

பயிற்சி விருப்பப் பாடம் என்று முடிவானது. இரண்டு பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. 14 பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் ஊர்த்தெரு, ஐந்து பேர் காலனி. அந்த மாணவன் சேரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. முதல் சனிக்கிழமை ஆசான் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தபோது, சக ஆசிரியை ஒருவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். ஆசான் பார்த்தார், பார்க்காததுபோல் சோற்றைப் பிசைந்தார். அன்று மாலை அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். "இது எனக்குப் புதிதில்லை அம்மா. பிள்ளைகள் பார்த்தார்களா என்று மட்டும் பாருங்கள்" என்றார்.

தோலும் நெருப்பும்

எட்டுச் சனிக்கிழமைகள். முதல் நாள் கருவியே இல்லை, கைதட்டலும் ஆட்ட அடவும்தான். இரண்டாம் வாரம் குச்சிகள் வந்தன. இடக்கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையாகத் தடித்த அடிக்குச்சி. மூன்றாம் வாரம் பறை.

பறையின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை வளைத்து இணைத்தது. அதன் மேல் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தோளில் மாட்டினால் சட்டம் இடுப்பையும் மார்பையும் தொட்டுக்கொண்டிருக்கும். ஊர்த்தெரு மாணவன் ஒருவன் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைக்கும் பறைத் தோலுக்கும் நடுவே செருகிக்கொண்டான். வியர்வைக்கு என்றான். ஆசான் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் வாரம் கைக்குட்டை கீழே விழுந்தது. அவன் அப்போது கடினமான ஓர் அடியைப் பிடித்துவிட்ட மும்முரத்தில் இருந்தான். வகுப்பு முடியும்வரை அதை எடுக்கவில்லை. அடுத்த வாரம் கொண்டுவரவும் இல்லை.

மழை பெய்து ஈரம் ஏறிய நாட்களில் தோல் தளர்ந்து, ஓசை 'தொப்பு தொப்பு' என்று விழும். வைக்கோல் தீயில் காய்ச்சக் காய்ச்சத் தோல் இறுகும், ஓசை கணீரென்று எழும். காய்ச்சும் வேலையை ஆசான் முறை வைத்துக் கொடுத்தார். இன்று ஊர்த்தெருப் பிள்ளை வைக்கோல் கொண்டுவந்தால் காலனிப் பிள்ளை தீயைப் பார்க்கும், அடுத்த வாரம் மாறும். 14 பேரும் ஒரே அளவு மோசமாக வாசித்தார்கள். ஒருவர் பிழையைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார்கள். நான் அந்த வகுப்பில் அதுவரை கேட்காத சிரிப்பு அது. யாருடைய பிறப்பும் அதில் இல்லை.

வட்டாரப் போட்டியில் இரண்டாமிடம். மாவட்டத்துக்குப் போகவில்லை. பிள்ளைகள் இரண்டு நாள் வருந்தினார்கள்.

ஆண்டு விழா

ஜனவரியில் அந்த மாணவன் என்னிடம் வந்தான். ஆண்டு விழாவில் பறை நிகழ்ச்சிக்கு முன் புறநானூற்றுப் பாட்டைத் தான் படிக்கலாமா என்று கேட்டான். பறை வாசிக்க மாட்டேன், படிக்க மட்டும் என்று சொல்லிக்கொண்டான். வீட்டில் கேட்டுவிட்டாயா என்றேன். அப்பாதான் கேட்டுப்பார்க்கச் சொன்னார் என்றான்.

விழா மாலையில் பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகள் தோல் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவன் தந்தை அங்கே வந்து சற்றுத் தள்ளி நின்றார். கைக்குட்டை மாணவன் பறையைத் தீக்கு மிக அருகில் பிடித்திருந்தான். தந்தை மூன்று எட்டில் வந்து அவன் கையோடு பறையைப் பிடித்துத் தூக்கினார். "இவ்வளவு கிட்டே காட்டாதே தம்பி, தோல் வெடித்துவிடும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார். ஒரு சுற்றுச் சுற்றி, பின்விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் மகன் கையில் காகிதத்தோடு பக்கத்தில் நின்றிருந்தான். தன் அப்பாவுக்கு இது தெரியும் என்பதை அவன் அன்றுதான் பார்த்தான்.

மேடையில் அவன் பாட்டைப் படித்தான். அதன்பின் தன் நான்கு வரியையும் படித்தான். முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். தந்தை கடைசியில் சுவரோரம் நின்று மகன் படித்ததைக் கேட்டார். பறை தொடங்கியதும் கிளம்பிப் போய்விட்டார். அவர் ஏன் இருக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. அது அவருடைய உரிமை.

மீண்டும் அதே சொல்

பள்ளிக்குள் அந்தப் பட்டப்பெயர் அக்டோபரிலிருந்தே காதில் விழவில்லை. பாட்டில் எல்லையும் பறைக் குழுவினருக்குள் அழிந்திருந்தது. குழுவுக்கு வெளியே இருந்தது. நான் நிறைவாக இருந்தேன். மார்ச்சில் கபடி ஆட்டத்தில் ஒரு தகராறு. புள்ளிக் கணக்கில் வாய்ச்சண்டை முற்றி, ஒருவன் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கத்தினான். கத்தியவன் கைக்குட்டை மாணவன். குழுவிலேயே சிறப்பாகப் பறை வாசிப்பவன்.

என் மனம் உடைந்துபோயிற்று. அந்தக் கருவியை அவன் நேசித்தான், அதில் பொய் இல்லை. ஆனால் கருவியின் மேல் வந்த மதிப்பு அதை வழிவழியாகச் சுமந்தவர்கள்மேல் தானாகச் சென்று சேர்ந்துவிடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது, அதைத் தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது.

திட்டப்பட்ட மாணவன் அடிக்கப் போகவில்லை. "நீயும்தானே அடிக்கிறாய். உன்னை ஏன் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை?" என்று கேட்டான். ஆட்டம் நின்றது. மறுநாள் காலை கைக்குட்டை மாணவன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று என்னைக் கேட்டான். உனக்கே தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தெரியும் என்று சொல்லிப் போனான். அவர்கள் இருவரும் நண்பர்களாகவில்லை. அந்தச் சொல் அவர்களுக்கிடையே மறுபடி வரவில்லை.

அதே கோடையில் திருப்பாவை மாணவியின் அக்காவுக்குத் திருமணம். வகுப்பில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தாள். காலனியிலிருந்து நான்கு பேர் போனார்கள். பந்தியில் அவர்களை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது நீக்கச் சொன்ன இன்னொரு பத்தி.

மறுபடி செய்தால்

முதலில், வீட்டுக்குப் போவேன். ஒரு குழந்தையை முன்னிறுத்தி எதையும் செய்வதற்கு முன் அந்த வீட்டின் வரலாற்றைக் கேட்பேன். பறையை மீட்டெடுப்பதும் விடுதலைதான், பறையை மறுப்பதும் விடுதலைதான். எது வேண்டும் என்று நான் தேர்ந்துகொடுக்கக் கூடாது.

வாசிப்பை முன்னால் வைத்தது சரியாக இருந்தது. அதை மாற்ற மாட்டேன். ஆனால் நான் பழந்தமிழ்ப் பாட்டுகளிலேயே நின்றுவிட்டேன். ஈராயிரம் ஆண்டுக்கு முன் பறைக்கு மதிப்பு இருந்தது என்று சொல்வது கேட்பவருக்கு இதமாக இருக்கும். நடுவில் அந்த மதிப்பைப் பறித்தது யார் என்ற கேள்வி அந்த இதத்தில் அமுங்கிப் போகும். அந்தக் கேள்வியை எழுப்பியது என் பாடத்திட்டம் அல்ல. தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்ட மாணவனும், மதிலுக்கு வெளியே நின்றோம் என்ற தாயும்தான். அவர்களைப் போன்றவர்கள் எழுதிய கதைகளையும் தன்வரலாறுகளையும் அடுத்த முறை பாட்டுகளோடு சேர்த்து வைப்பேன்.

ஆசிரியர்களிடம் தொடங்கியிருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு டப்பாவோடு போன காட்சியைப் பிள்ளைகள் பார்த்தார்கள் என்று பிறகு தெரியவந்தது. ஆறு வாரப் பாடத்தை அது ஒரு நிமிடத்தில் கலைத்திருக்கும். ஆல்போர்ட் சொன்ன மேலிடத்து ஆதரவு என்பது தலைமையாசிரியரின் கையெழுத்தோடு முடிந்துவிடாது, சாப்பாட்டு மேசைவரை வர வேண்டும்.

எட்டுச் சனிக்கிழமைகள் போதவில்லை. கபடித் தகராறு நடந்தபோது பயிற்சி முடிந்து மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பறைகள் நூலக அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

இப்போதைய நிலை

2025 ஜனவரியில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் செய்தித்தாளை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மறுநாள் அது கிழிக்கப்பட்டிருந்தது. யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் இன்னொரு பிரதி வாங்கி மறுபடி ஒட்டினார்கள். அது நிலைத்தது.

அந்த மாணவன் பத்தாம் வகுப்பு முடித்து நகரத்து மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் படிக்கிறான். ஓசை நாட்குறிப்பை இப்போது ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறோம். ஆசான் மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறார், ஆண்டு முழுவதும். தோல் பறைகளில் ஒன்று போன மழையில் பசை விட்டுப் பிரிந்துவிட்டது. அதை ஒட்டித் தர ஆள் தேடியபோது, அந்த மாணவனின் தந்தை தகவல் அனுப்பினார்: புளியங்கொட்டை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டித் தருகிறேன், ஆனால் பிள்ளைகள்தான் ஒட்ட வேண்டும் என்று.